மௌனச்சாமி வாய் திறந்தாள்

"டீச்சர், ஜன்னலோரப் பொண்ணோட அப்பா வந்திருக்கார். உங்களைப் பார்க்காமப் போகமாட்டாராம்."

ஆயா சொன்னதும் டீச்சரின் கையிலிருந்த பட அட்டைகள் நழுவின. யானையும் குடையும் ஆப்பிளும் தரையெங்கும் சிதறின.

"கோபமா இருக்காரா?"

"தெரியலையே. தொப்பியைக் கையில வச்சுக் கசக்கிக்கிட்டே நிக்கிறார்."

விஷயம் தெரிந்துதான் வந்திருக்கிறார், சந்தேகமே இல்லை. நேற்று மாலைதான் டீச்சர் தலைமை ஆசிரியையிடம் போய், "அந்தப் பொண்ணு நம்ம பள்ளிக்கு ஒத்துவர மாட்டா மேடம். வேற எங்கயாவது சேர்க்கச் சொல்லிடலாம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். சொன்ன நிமிஷத்திலிருந்து அது நெஞ்சுக்குள் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

கடல் தாண்டி வந்து, பொடிசுகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற வேலை. ஒவ்வொன்றும் ஒரு தினுசு. மனசுக்குள் எல்லோருக்கும் தமிழில் பட்டப்பெயர் வைத்திருந்தாள்.

'ரேடியோ'வுக்குத் தெரிந்ததே பத்து வார்த்தை. அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஒலிபரப்பு நடத்துவான். 'நாட்டாமை' தான் தப்பாகச் சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னவனைத் திருத்துவாள். 'பூனை'யிடம் எதைக் கேட்டாலும் மியாவ்தான் பதில். ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் ஒரு எழுத்து பிசகாமல் இங்கிலீஷில் பாடுவான்.

'மௌனச்சாமி' மட்டும் சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. டீச்சர் கெஞ்சிப் பார்த்தாள், மிட்டாய் காட்டினாள், ஒருநாள் எரிச்சலில் அதட்டியும் விட்டாள். அப்போதும் அந்தச் சிறுமி அழவில்லை. கண்ணை மட்டும் அகல விரித்துப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை டீச்சரால் தாங்க முடியவில்லை. ஜன்னலோரம் ஒரு குட்டி நாற்காலி போட்டு, கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு மற்றவர்களைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அதன் பிறகு அந்தப் பக்கம் அவள் எட்டிப்பார்ப்பது மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போதுதான். போனுக்கு அங்கேதான் ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று, குரலைத் தாழ்த்தி, ஊருக்குப் பேசுவாள். மௌனச்சாமி தூங்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பேசாத பிள்ளைதானே என்று டீச்சரும் விட்டுவிடுவாள்.

இப்போது அந்தப் பிள்ளையின் அப்பா வாசலில், பஸ் டிரைவர் சீருடையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் காலைக் கட்டிக்கொண்டு, பொம்மையும் கையுமாகச் சிறுமி.

அவருக்கு இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. டீச்சருக்கு அந்த நாட்டுப் பாஷை ஓரளவு பழகியிருந்தது. அதிலேயே முந்திக்கொண்டாள்.

"சார், நேத்து நான் மேடம்கிட்ட சொன்னது..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் டீச்சர்." அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "எம்பொண்ணு பேசுறா!"

"என்ன?"

"கொஞ்ச நாளாவே பொம்மைகிட்ட ஏதோ முணுமுணுத்துக்கிட்டு இருந்தா. நேத்துதான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். கடகடன்னு இங்கிலீஷ்! இவ அம்மா வேலைக்குன்னு வெளியூர் போனதிலேர்ந்து எங்கிட்டகூட வாயைத் திறக்காத பொண்ணு டீச்சர் இவ. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தப் பிள்ளையின் அம்மா கூட இல்லை என்பதே இப்போதுதான் தெரிகிறது. ஏன் பேசமாட்டேன் என்கிறாள் என்று வீட்டில் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாமே!

முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். இவளையா வேண்டாம் என்று சொன்னேன்? தலைமை ஆசிரியையின் காலில் விழுந்தாவது அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிவிட வேண்டும்.

சிறுமியின் முன்னால் மண்டியிட்டாள். "அப்பா ரொம்ப சந்தோஷப்படுறாரே! எனக்கும் ஒரு தரம் சொல்லிக் காட்டுறியா?"

மௌனச்சாமி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லும்மா," என்றார் அவர். "எனக்கும் அர்த்தம் தெரியணும் இல்ல? முதல்ல பொம்மைக்கு ஒரு முத்தம் குடுப்பா, டீச்சர். அப்புறம்தான் ஆரம்பிப்பா."

சிறுமி பொம்மைக்கு அழுத்தி ஒரு முத்தம் கொடுத்தாள். பிறகு உள்ளங்கையைப் போன் மாதிரி வாயருகே வைத்துக்கொண்டாள்.

ஒரு 'குட் மார்னிங்'கையோ, யானை, குடை, ஆப்பிளையோ எதிர்பார்த்து டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

வந்தது தமிழ். டீச்சரின் அதே குரல், அதே இழுப்பு, அதே கெஞ்சல்.

"அழாதடா கண்ணு... இந்த லீவுக்கு அம்மா கண்டிப்பா வந்துடுவேன்... இந்தத் தடவை ஏமாத்தமாட்டேன்."