தனபால் அடித்த இரண்டு கோல்

சின்னராசா தன் சப்பாத்தைக் கவிழ்த்து வைத்து, அடித்தோலில் ஆணி அறைந்துகொண்டிருந்தான். ஒவ்வோர் அடிக்கும் எதிரே உட்கார்ந்திருந்த லத்தீபின் முகம் மலர்ந்தது.

"கொஞ்சம் வெளிய நீட்டி இருக்கட்டும் மச்சான். தனபாலன்ட முழங்காலுக்குக் கீழ ஒரே கீறல். பொறகு ஆயுசுக்கும் தடி ஊண்டித்தான் நடப்பான்."

பதுளை மைதானத்தில் இன்னும் அரை மணி நேரத்தில் ஆட்டம். கல்கத்தாவிலிருந்து வந்திருந்த கிளப்பும் தோட்டத்து அணியும் மோதுகின்றன. சின்னராசா கல்கத்தாக்காரர்களோடு வந்திருந்தான். தோட்டத்து அணியின் தலைவன் தனபால், பெரிய கங்காணி ரெங்கசாமியின் ஒரே மகன்.

மூன்று வருஷத்துக்கு முன் இதே மைதானத்தில், வெறுங்காலோடு ஆடிய சின்னராசா தனபாலை மூன்று முறை ஏமாற்றி மூன்று கோல் போட்டான். சனம் தனபாலைப் பார்த்துச் சிரித்தது. மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், பெரிய கங்காணி துரையின் காதில் ஏதோ சொன்னார். பத்து மணிக்கெல்லாம் சின்னராசா குடும்பத்தின் கையில், தோட்டத்தைவிட்டு விலக்கும் பத்துச்சீட்டு. வேலையும் போயிற்று, லயத்துக் காம்பராவும் போயிற்று.

அடைமழையில் சட்டி பானையோடு பெரகல சந்திவரை நடந்தார்கள். அங்கே லத்தீபின் தேத்தண்ணிக் கடைத் தாழ்வாரத்தில் நாலாம் நாள் அப்பா கண்ணை மூடினார். பந்தாடத் தெரிந்த பையன்களைத் தேடி வந்த ஒருவரோடு சின்னராசா கல்கத்தாவுக்குக் கப்பலேறினான்.

"உன்ட அப்பா கெடந்த எடத்த நான் இன்னும் கூட்டிப் பெருக்கல்ல," என்றான் லத்தீப். "நீ மறந்துட்டியா?"

"மறந்திருந்தா இங்க வந்திருப்பனா?"

கதவோரம் நிழல் விழுந்தது. பெரிய கங்காணி ரெங்கசாமி. கறுப்புக் கோட்டு, கையில் குடை. தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"தம்பி," என்றார். 'டேய்' தவிர வேறொரு சொல்லால் அவர் அவனை அழைத்ததே இல்லை. "ஊரே பேசிக்குது. ஒனக்குக் கோவம்னா என்னைய அடி, வாங்கிக்கிறேன். அவன் கால மட்டும் விட்டுரு."

நீட்டிக்கொண்டிருந்த ஆணியைத் தோலோடு தோலாக அறைந்து முடித்தான் சின்னராசா. சப்பாத்தை மாட்டிக் கயிறு கட்டினான்.

"பயப்படாமப் போங்க கங்காணியாரே. அந்தக் கால்ல ஒரு கீறல் விழாது. அது முழுசா இருக்கணும்னு உங்கள விட எனக்குத்தான் அக்கற."

கங்காணி நம்பவில்லை. ஆட்டம் முழுவதையும் கோட்டோரம் நின்றே பார்த்தார்.

ஆனால் சின்னராசா சொன்னபடியே நடந்தான். தனபால் பந்தோடு வந்தபோதெல்லாம் ஓர் எட்டுப் பிந்தினான். இடப்பக்கம் சாய்ந்து வலப்பக்கத்தைத் திறந்துவிட்டான். தனபால் இரண்டு கோல் அடித்தான்.

"இவனுக்கெல்லாம் எதுக்கு ரோசம்?" லத்தீப் காறித் துப்பிவிட்டு, ஆட்டம் முடியுமுன்பே பஸ் பிடிக்கப் போய்விட்டான்.

கல்கத்தா கிளப்பின் செயலாளர் ஒரு குண்டு வங்காளி. தனபாலின் கெண்டைக்காலை மாடு வாங்க வந்தவர்போல அமுக்கிப் பார்த்துவிட்டு ஏதேதோ சொன்னார். பக்கத்தில் நின்று தமிழில் சொன்னது சின்னராசாதான்.

"மாடியில தனி ரூம்பு. தலைக்கு மேல காத்தாடி. மூணு வேளையும் மீனும் சோறும். ரோட்டுல நடந்தா சனம் பின்னாலயே வரும். அஞ்சு வருசத்துக்குக் கையெழுத்து வெச்சா போதும்ங்கறாரு."

தனபால் அப்பாவைப் பார்த்தான். அப்பா தலையாட்ட, கையெழுத்துப் போட்டான். பழனிக்குப் போய்வர எடுத்த பாஸ்போர்ட் முன்பே தயாராக இருந்தது.

அன்று கங்காணி வீட்டில் விருந்து. முன்வாசல் வழியாக அந்த வீட்டுக்குள் போன முதல் லயத்து ஆள் சின்னராசாதான். கோழிக்கறியை அவன் இலையில் கங்காணியே அள்ளி வைத்தார்.

மூன்றாம் நாள் காலை, பதுளை ஸ்டேஷன். தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் பிடிக்க வேண்டிய கல்கத்தாக்காரர்கள் பெட்டியில் ஏறிவிட்டார்கள். கழுத்தில் மாலையோடு தனபால் ஜன்னலோரம் இருந்தான்.

கங்காணி சின்னராசாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நான் செஞ்ச பாவத்துக்கு நீ என் குடியவே கெடுத்திருக்கலாம். எம்புள்ளைக்கு வழி காட்டிட்ட. ஒனக்குப் பெரிய மனசு தம்பி."

விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது. தனபால் கையசைத்தான்.

சின்னராசா பிளாட்பாரத்திலேயே நின்றான்.

"நீ ஏறலயா?"

"இல்லீங்க. பதில் ஆள் குடுத்தா ஒன்னைய விடுறோம்னு போன வருசமே சொன்னாங்க. இன்னைக்குத்தான் விட்டாங்க."

கங்காணிக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்துவிட்டது.

"விட்டாங்கன்னா?"

"தகரக் கொட்டகைங்க. இருவது பேரு. எறங்கின ஒடனே பாஸ்போர்ட்ட வாங்கிப் பெட்டியில பூட்டிருவாங்க. கால் ஒடைஞ்சா நடுத்தெருதான்."

குடை கங்காணியின் கையிலிருந்து நழுவியது. "அப்ப... மாடி ரூம்பு, மீனு, சோறுன்னு நீதானே சொன்ன?"

சின்னராசா குனிந்து குடையை எடுத்துப் பணிவாக அவர் கையில் கொடுத்தான்.

"எங்க தாத்தாவக் கப்பலேத்துறப்ப, தேயிலைத் தூருல தேங்காயும் மாசிக் கருவாடும் கெடைக்கும்னு உங்கப்பா சொன்னாருல்லங்க?"