முதலாளி கோட்டில் புதினா

ஒல்லிக்கு வயது இருபத்திரண்டு. பிழைக்க வந்த ஊரில் ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறான். அடுத்த மாதம் அக்காவுக்குக் கல்யாணம். ஆனால் லீவு கேட்க நாக்கு எழவில்லை. "கண்ணு முன்னால நிக்காதே!" என்றுதான் முதலாளி அவனிடம் பேச்சையே தொடங்குவார்.

"பயந்தாங்கொள்ளி! அவர் பாக்கெட்டுல ரெண்டு புதினா இலையை வைடா. மனசு தானா உன் பக்கம் சாஞ்சிடும்" என்றாள் அக்கா போனில்.

முதலாளியின் கோட்டுக்கு இஸ்திரி போடும்போது, உள்பாக்கெட்டில் இலையைச் செருகிவிட்டான்.

மறுநாளே முதலாளி அவன் தோளில் கை போட்டார். "சாப்டியாடா தம்பி?" வாரக் கடைசியில் தன் நாற்காலியையே இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

ஒல்லி துணிந்து வாயைத் திறந்தான். "சார், அக்கா கல்யாணம். பத்து நாள் லீவு..."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "பத்து நாளா? உன் முகத்தைப் பாக்காம எனக்குச் சோறு இறங்குமாடா? லீவெல்லாம் கிடையாது!"

பக்கத்து மேசையில் இஸ்திரி போடும் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "போன வாரமே கேட்டிருந்தா, 'விட்டுது சனியன்'னு ஒரு மாசம் குடுத்திருப்பாரேடா!"

புதினாவை முறிக்கிற மூலிகை யாருக்காவது தெரிந்தால், தயவுசெய்து ஒல்லிக்குச் சொல்லுங்கள்.