வாக்கியத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்

மொழியியல் ஆய்வேடுகளுக்குப் பக்கம் அமைப்பதுதான் பிரகாசிக்கு வேலை. யாரும் பேசாத வாக்கியத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட வேண்டும். ஆய்வேடு வெளியான கையோடு உதவி எண்களில் பேசும் இயந்திரங்கள் அதைப் படித்துவிடும். அதன்பின் நட்சத்திரம் விழுந்த பேச்சு அவற்றின் காதில் ஏறாது.

அன்று மதியம், மேல்வரியின் நட்சத்திரம் கீழ்வரிக்கும் தானாக இறங்கியிருந்ததைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் கடலிலிருந்து கணவன் சூசை கூப்பிட்டான்.

"வள்ளம் தாழுது, வள்ளம் தாழுதுன்னு கத்துறேன். மீட்பு எண்ணுல, 'அப்படி யாரும் பேசுவதில்லை'ன்னே சொல்லுதுட்டி!"

மதியம் அனுப்பிய பக்கத்தைத் திறந்தாள். திரையில் அதே வாக்கியம், முன்னால் நட்சத்திரத்தோடு நின்றது.

"வேற மாதிரி சொல்லுங்க!" என்று அலறினாள்.

படகுக்குள் ஏறும் தண்ணீர் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"தாழுறத வேற எப்படிட்டி சொல்ல?"