நூற்று நாற்பது கிராம்

மெஷின் மூன்றாவது முறையாகவும் அந்தப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டது.

வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி. லேபிளில் நாலு கிலோ இருநூறு கிராம் என்று இருந்தது. முதல் தடவை மெஷின் காட்டியது நாலு கிலோ அறுபது. நூற்று நாற்பது கிராம் குறைவு. அடுத்த தடவை நாலு கிலோ நாற்பது. இப்போது நாலு கிலோ இருபது.

நூறு கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பெல்ட்டில் விடாது. ஒரு இரும்புக் கை நீண்டு வந்து, ஒதுக்கு வரிசையில் நிற்கும் என்னிடம் தள்ளிவிடும்.

உள்ளே டிரை ஐஸ். அது உருகித் தண்ணீராக நிற்காது, புகையாகவே போய்விடும். அனுப்பியவர்கள் அந்த ஐஸையும் சேர்த்து எடை போட்டு லேபிள் ஒட்டியிருந்தார்கள். புத்திசாலிகள். பெட்டி நிற்க நிற்க எடை குறையும். குறையக் குறைய மெஷின் இன்னும் முறுக்கிக்கொள்ளும்.

நீளம், அகலம், உயரம், எடை, லேபிள் எல்லாவற்றையும் கண்மூடித் திறப்பதற்குள் பார்த்துவிடுகிற மெஷின் அது. ஐஸ் என்றால் என்ன என்று மட்டும் யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஐஸுக்கு நடுவில் இருந்தது என் தங்கை மகளுக்கான ஊசிமருந்து.

காலையில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டுவதற்கு முன் தங்கை பேசியிருந்தாள். பெட்டி எங்கள் பார்சல் கிடங்கு வழியாகத்தான் வருகிறதாம். ஆறு மணி வரைதான் ஐஸ் தாங்குமாம். இன்று ஊசி போட்டே ஆக வேண்டுமாம். "நீ இருக்கேங்கற தைரியம்தான்க்கா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அவள் ஊருக்கு நாலு மணி லாரி. ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பெட்டியில் ஒட்டியிருந்தது அந்த ஊர் ஆஸ்பத்திரியின் முகவரி. குழந்தை அங்கேதான் படுத்திருந்தாள்.

மணி மூன்று ஐம்பது.

கிழிந்த லேபிளை ஒட்டித் திரும்ப பெல்ட்டில் ஏற்ற எனக்கு உரிமை உண்டு. எடை தகராறு என்றால் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கிராம். ஒரு கிராம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்.

அவரிடம் விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாகிவிட்டது. நான் பேசி முடிப்பதற்குள் மாடி ஆபீசிலிருந்து அவருக்கு போன் என்று கூப்பிட்டார்கள். "ஓரமா வைம்மா. நான் வர்ற வரைக்கும் தொடாத" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். போனவர் போனவர்தான். இருபது நிமிஷம் ஆகியும் ஆளைக் காணோம்.

மாடியில் உட்கார்ந்து டீ குடிக்கிறவருக்கு என்ன தெரியும் என்று வாய்க்குள்ளேயே திட்டினேன்.

பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். முன்பு இருந்த சில்லிப்பு இல்லையோ என்று தோன்றியது. பயத்தில் அப்படித் தோன்றியிருக்கலாம்.

தினமும் காலையில் மெஷின் சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்க எங்களிடம் பித்தளை எடைக்கல் ஒன்று உண்டு. இருநூறு கிராம். இழுப்பறையைத் திறந்து அதை எடுத்தேன்.

பெட்டியைத் தூக்குவதற்குப் பக்கவாட்டில் குழி வைத்திருப்பார்கள். அதற்குள் கல்லை அமுக்கி, மேலே டேப் ஒட்டினேன். வெளியே எதுவும் துருத்தவில்லை. பன்னிரண்டு வருஷ வேலையில் முதல் திருட்டுத்தனம்.

பெட்டியை பெல்ட்டில் ஏற்றினேன்.

நாலு கிலோ இருநூற்றுப் பத்து. பச்சை விளக்கு.

இரும்புக் கை அசையவில்லை. பெட்டி நல்ல பிள்ளையாக வளைவில் திரும்பி நாலு மணி லாரிக்குள் போனது. கதவை இழுத்துச் சாத்தி சீல் வைத்தார்கள். சீல் வைத்துவிட்டால் போய்ச் சேருகிற இடத்தில்தான் உடைப்பார்கள். இனி கிராம் நினைத்தாலும் பெட்டியை வெளியே எடுக்க முடியாது.

லாரி கேட்டைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேலை போனால் போகட்டும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கிராம் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார். கையில் ஒரு தாள். அதில் மேனேஜரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தன. இப்படி அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"நல்லவேளைம்மா, மெஷின் அதை ஒதுக்குச்சு" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "இல்லன்னா இந்நேரம் லாரில ஏறியிருக்கும். பாப்பாவ மத்தியானமே இங்க பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்களாம். உன் போன் கிடைக்காம உன் தங்கச்சி ஆபீசுக்குப் பேசினாங்க. பெட்டிய கைல குடுக்க மேனேஜர்ட்ட சண்டை போட்டு அனுமதி வாங்கிருக்கேன். எங்க வச்சிருக்க?"

அவருக்குப் பின்னால் தங்கை வீட்டுக்காரர் நின்றார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பத்து நிமிஷத்துல போயிடலாம் அண்ணி. குடுங்க" என்று இரண்டு கைகளையும் நீட்டினார்.