நாற்பது மூட்டை சம்பா கோதுமை

குத்தூசியை மூட்டைக்குள் செருகி உருவினேன். ஒரு பிடி கோதுமை உள்ளங்கையில் விழுந்தது.

விரல்களை மூடி, வாயால் சூடாக ஊதி, மூக்கருகே கொண்டுபோனேன்.



நாலு நாளாக மழை. குடோன் கூரை ஒழுகிவிடுமோ என்ற பயத்தில், அல்வா கடை கோமதிநாயகம் அண்ணாச்சி நாற்பது மூட்டைக்கும் தார்ப்பாய் போர்த்தி, காற்றுகூடப் புகாமல் இறுக்கிக் கட்டிவிட்டார். உள்ளே கோதுமைக்கு வேர்த்துவிட்டது.

பூஞ்சை பிடித்திருந்தால் விஷம். கழுவினாலும் போகாது, கிண்டினாலும் போகாது.

பிடிக்கவில்லை என்றால் அத்தனையும் தீபாவளி அல்வா. இன்னும் பன்னிரண்டே நாள்.

பார்வைக்கு மணிகள் பளபளவென்றுதான் இருந்தன. ஈரம் பார்க்கும் மெஷின் ஒரு தடவை பதின்மூன்று சதவீதம் காட்டியது, அது சரி; மறு தடவை பதினைந்து, அது ஆபத்து.

"மிசினைத் தூர வையும்வே. அது பொய் சொல்லும். கிருபைராஜ் மூக்கு சொல்லாது" என்றார் அண்ணாச்சி.

"அந்த மூக்குக்கு மொதல்ல ஒரு இன்சூரன்ஸ் போடுங்க அண்ணாச்சி" என்று சிரித்தான், மூட்டை தூக்கும் மாரிக்கண்ணு.

என்னுடையது இருபத்தாறு வருஷமாகத் தானியம் பார்க்கும் மூக்கு. கண்ணுக்குத் தெரியும் முன்பே பூஞ்சையை மூன்று தடவை பிடித்த மூக்கு.

இரண்டாவது மூட்டை. ஐந்தாவது. பத்தாவது. ஊதினேன், முகர்ந்தேன்.

அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆகாது அண்ணாச்சி. எல்லாத்தையும் கொட்டிருங்க."

அவரும் ஒரு கை அள்ளி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேவே."

நான் குத்தூசியைக் கீழே வைத்தேன்.

"சரி, நீரு சொன்னா சரிதான்" என்று அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். இந்தத் தீபாவளிக்கு அவர் கடையில் அடுப்பு எரியாது.

மாரிக்கண்ணு தார்ப்பாயைச் சுருட்டினான்.

செல்போன் அடித்தது. மனைவி சாலோமி.

"கேஸை மூடாமலா போனிய? சபைக்குப் போயிட்டு வந்தா தெருவே நாறுது. அடுப்புக்குப் பக்கத்துலதான உக்காந்து காப்பி குடிச்சிய?"

ஆமாம், அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். போன மாதக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்குக் காப்பியும் ஒன்றுதான், வெந்நீரும் ஒன்றுதான். யாரிடமும் சொல்லவில்லை.

கையில் கடைசியாகக் குத்திய மூட்டையின் கோதுமை இன்னும் இருந்தது. ஊதினேன். முகர்ந்தேன்.

நல்ல கோதுமையாகவும் இருக்கலாம்.