மொட்டைமாடிக் கம்பிகள்

பம்ப் கம்பெனியின் மொட்டைமாடியில், அடுத்த தளம் எழுப்ப விட்டுவைத்த கம்பிகள் நின்றன. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதல்நாள், துருவேறாமலிருக்க அப்பாவே அவற்றுக்குச் சிமென்ட் பால் பூசுவார்.

"காலம் சரியில்ல கண்ணு. பணம் பேங்க்லயே இருக்கட்டும். அடுத்த வருசம் கட்டிக்கலாம்."

இருபது வருஷமாக அப்பாவிடம் இதே பேச்சு. பயந்தாங்கொள்ளி என்று அவர் முகத்துக்கு நேராகவே கத்தியிருக்கிறான் பரிதி.

அப்பா போய், அவன் முதலாளியாகி மூன்று வருஷம். நேற்று ஆர்டர்கள் குறைந்ததைப் பார்த்துவிட்டு, டெபாசிட்டைப் புதுப்பிக்கச் சொல்லி பேங்க்குக்கு அவனே கையெழுத்துப் போட்டான். கட்டப்போவதில்லை என்றான பிறகு கம்பி எதற்கு?

"தரையோட அறுத்துரட்டுங்களா?" என்றார், கம்பி அறுக்க மாடிக்கு வரச்சொல்லியிருந்த வெல்டர்.

பரிதி ஒரு கம்பியைப் பிடித்தான். உள்ளங்கையில் சாம்பல் நிறம் ஒட்டியது.

"கீழ போயி ஒரு வாளியும் கொஞ்சம் சிமென்ட்டும் பழைய பிரஷ்ஷும் எடுத்துட்டு வாங்கண்ணா."