சொந்த வாயால திட்டு

ஐரோப்பாவுல ஒரு சினிமா விருதுக்கு வந்த படப்பொட்டிங்க ஒரே ரூம்ல கெடந்துச்சுங்க. எஸ்டோனியாங்கிற குட்டி நாட்டுலேருந்து வந்த ஒல்லிப் பொட்டி ஒண்ணு, பக்கத்துல பெருத்த இங்கிலீஷ் பொட்டி.

"தம்பி, உன் பாஷை இங்க எவனுக்குடா தெரியும்? பேசாம இங்கிலீஷ்ல டப்பிங் பண்ணிக்க. இல்லன்னா தூசியோட வீட்டுக்குத்தான் போவ"ன்னுச்சு இங்கிலீஷ் பொட்டி.

எஸ்டோனியப் பொட்டிக்கும் அந்தப் பயம் இருந்துச்சு. ஆனாலும் அசையல.

"முடியாதுண்ணே. என் படத்துல ஒரு அம்மா, வேலைக்குப் போகாத மகனத் திட்டுது. இரவல் வாயால திட்டுனா எவன் பயப்படுவான்? கீழ ஒரு வரி எழுத்து ஓடட்டும், போதும். தோத்தாலும் சொந்த வாயோட தோக்குறேன்."

படம் ஓடுச்சு. அம்மா திட்ட ஆரம்பிச்சதும், முன்சீட்டு மேல கால் போட்டிருந்த போர்ச்சுகல் நடுவர் சட்டுன்னு கால எடுத்துட்டு நிமிர்ந்து உக்காந்தாரு.

விருது எஸ்டோனியாவுக்குத்தான்.

"கோப்பை எங்கடா?"ன்னுச்சு இங்கிலீஷ் பொட்டி.

"கோப்பை இல்லண்ணே. ஐரோப்பாவுல இருக்கிற பாஷைங்கள்ல எல்லாம் சப்டைட்டில் போட்டு ஊர் ஊரா அனுப்புறாங்க, அதான் விருது. உடனே கெளம்பணும். எத்தன ஊர்ல எத்தன பசங்க திட்டு வாங்காம கெடக்குறானுங்களோ."